அம்மா வழியில் வந்தது

1

போன வாரம் எங்கள் பகுதி கிளினிக்கை வேறொரு கிளினிக்கோடு சேர்த்துவிட்டதாகச் சொல்லி, எல்லோரையும் புதிதாகப் பதிவு செய்யச் சொன்னார்கள். நான்கு பக்க விண்ணப்பம். பெயர், பிறந்த ஊர், வீட்டில் பேசும் மொழி எல்லாம் எழுதிவிட்டேன். ‘எத்தனை குழந்தைகள்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இங்கிலாந்தில் இந்த ஷெஃபீல்டுக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதிலை நான் எழுதியதில்லை. சில இடத்தில் மூன்று என்று எழுதியிருக்கிறேன். சில இடத்தில் ஒன்று.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “உங்க கூட இருக்கிறவங்களை மட்டும் எழுதினாப் போதும், லவ்” என்றாள். இந்த ஊரில் பஸ் ஓட்டுபவர், கடைக்காரர், நர்ஸ் எல்லோரும் எல்லோரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் கூச்சமாக இருந்தது. இப்போது காதிலேயே விழுவதில்லை.

ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ஒன்று அபிராமி. பதினெட்டு வயது முடிந்துவிட்டது. செப்டம்பரில் வேறு ஊருக்குப் பல்கலைக்கழகம் போகிறாள். அவளுக்குப் பின்னால் பிறந்த தம்பியும் தங்கையும் இறந்துபோனது அவளுக்குத் தெரியும். தங்கை நோயில் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள். ஆனால் அந்த நோய் யார் வழியாக வந்தது, இனி யார் வழியாகப் போகக்கூடும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. பதினெட்டு முடிந்ததும் சொல்லிவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பிறந்தநாள் போய் நான்கு மாதம் ஆகிறது. அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னால் எனக்குச் சொல்ல வராது. தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதிதான் புரியும்.

அதனால் முதலில் எழுதிப் பார்க்கிறேன். ஊரில் இதைப் படிக்கிற யாருக்காவது, நம் வீட்டிலும் இப்படி நடந்திருக்கிறதே என்று தோன்றினால், அவர்களுக்காகவும்.

2

எனக்குப் பத்தொன்பது வயதில் தாய்மாமனோடு திருமணம் ஆனது. அம்மாவின் கடைசித் தம்பி பாண்டியராஜன். எங்கள் பூர்வீகம் மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கம். அப்பாவுக்கு அரசு வேலை கிடைத்து, மதுரையிலேயே கே.கே. நகரில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். என் கணவர் அப்போது நாகமலை புதுக்கோட்டையை ஒட்டிய பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். மாப்பிள்ளை சொந்தம், படிப்பாளி, பெண் கண்ணெதிரே இருப்பாள். அப்பாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். நானும் சந்தோஷமாகத்தான் கழுத்தை நீட்டினேன். அடுத்த வருடம் அபி பிறந்தாள். ஒரு குறையும் இல்லை.

மூன்று வருடம் கழித்துக் குமரன் பிறந்தான். ஐந்து மாதம் வரை எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருந்தான். கழுத்து நின்றது. குப்புற விழுந்தான். என் குரலைக் கேட்டால் காலை உதைத்துக்கொண்டு சிரிப்பான். ஆறாம் மாதம் காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் காய்ச்சல் போய்விட்டது. ஆனால் பழைய குமரன் திரும்பி வரவில்லை. நின்ற கழுத்து மறுபடி தொங்கியது. பால் குடிக்கும்போதே களைத்துத் தூங்கினான். கருவிழி ஒரு பக்கமாக ஓடி ஓடித் திரும்பியது. மூச்சு நடுவில் நின்று, ஒரு பெருமூச்சோடு மறுபடி வரும்.

வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுத்தோம். பறவை நிழல் பட்ட பட்சி தோஷம் என்றார்கள், தண்ணீர் ஊற்றினோம். பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய் ஓதவைத்தோம். கடைசியில் ஒரு பெரிய குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் பிள்ளையை நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சொந்தத்துல கட்டியிருக்கீங்களா?”

“ஆமா சார். தாய்மாமன்.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். “அதாம்மா. இம்புட்டு நெருங்குன சொந்தத்துல கட்டுனா பிள்ளைகளுக்கு இப்பிடி வரும்.”

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் வந்த பல பிள்ளைகளுக்கு அதுதான் காரணமாகவும் இருந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பா சாப்பிடும்போது பாதியில் கையை உதறிவிட்டு எழுந்து போவார். “நாந்தான பண்ணி வச்சேன். நாந்தான” என்பார். என் கணவர் என் பக்கத்தில் படுப்பதை விட்டுவிட்டார். இரண்டு பேரும் ஏதோ சேர்ந்து குற்றம் செய்தவர்கள் மாதிரி முகம் பார்க்காமல் நடந்தோம்.

பதினொன்றாம் மாதம் குமரன் இறந்தான். துணியில் சுற்றி, ஆண்கள் தூக்கிப் போனார்கள். பெண்கள் போகிற வழக்கம் இல்லை. நாகமலை அடிவாரத்தில் ஏதோ ஓரிடம். எந்த இடம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

3

என் தங்கை கவிதாவுக்கு அப்போது பதினெட்டு வயது. குமரனை என்னைவிட அதிக நேரம் மடியில் வைத்திருந்தவள் அவள்தான்.

அம்மாவின் மூத்த தம்பி மகன் செந்திலுக்குத்தான் அவள் என்று சிறுவயதிலிருந்தே பேசி வைத்திருந்தார்கள். பேசி வைத்ததோடு நில்லாமல் அவர்கள் இரண்டு பேருக்கும் பிடித்தும் போயிருந்தது. செந்தில் டவுன்ஹால் ரோட்டில் மின்சாமான் கடை வைத்திருந்தான். எங்கள் வீட்டில் ஃபேன் ஓடாவிட்டால்கூட கவிதா சிரிப்பாள், ஏனென்றால் அவன் வருவான்.

குமரன் போன பிறகு அப்பா ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். “இன்னொரு தடவ அந்தத் தப்பப் பண்ண மாட்டேன். இவளுக்குச் சொந்தம் வேணாம், அசல்லதான் பாக்கணும்.”

கவிதா என்னிடம் வந்தாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“அக்கா, நீ சொன்னா அப்பா கேப்பாரு.”

“என்னத்தச் சொல்ல?”

“எல்லாருக்குமா அப்பிடி ஆகுது? அபி நல்லாத்தான இருக்கா.”

நான் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு அவளிடம் திரும்பினேன். “குமரனத் தூக்கி வச்சிருந்தவ நீ. பாத்தேல்ல? ஒனக்கும் அப்பிடி ஒண்ணு வேணுமா? பேசாம அசல்ல கட்டிக்க.”

அவள் அழவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். அதன் பிறகு செந்தில் பேச்சையே எடுக்கவில்லை. பின்னால் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். எங்களுக்கு எந்த வழியிலும் சொந்தமில்லை. அப்பா நிம்மதியாக மூச்சுவிட்டார். அந்தக் கல்யாணம் நடந்தபோது நான் இங்கே வந்துவிட்டிருந்தேன். முகூர்த்த நேரத்தில் என் கணவர் ஆய்வகத்தில் இருந்தார். நான் சமையலறையில் தனியாக நின்று, இந்நேரம் தாலி கட்டியிருப்பார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

4

என் கணவருக்கு உலோகங்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக இங்கே வேலை கிடைத்தது. இரண்டு வருடம் என்று சொல்லித்தான் வந்தோம். மேடும் பள்ளமுமான ஊர், கறுத்த கல் வீடுகள், மதியம் மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டிய குளிர்காலம். அபியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் மூன்று மணி வரை பேச ஆள் கிடையாது. தமிழ்வழிப் பள்ளியில் படித்தவள் நான். ஆங்கிலம் எழுத வரும். பேச வேண்டுமென்றால் தமிழில் யோசித்து ஒவ்வொரு சொல்லாக மாற்ற வேண்டும்.

அந்தத் தனிமையில் நாங்கள் மறுபடி நெருங்கி, அபியைப் போல நல்லதாகப் பிறக்கும் என்று நம்பி, இரண்டு வருடத்துக்குப் பின் நித்யாவைப் பெற்றோம். குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு ஒரு சுகாதாரச் செவிலியர் வந்தார். ஒரு சிவப்புப் புத்தகத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மூத்த பெண் ஒருத்தி, சரி. இன்னொரு பையன்?

‘தவறிட்டான்’ என்பது என் மனசில் இருந்தது. இறந்துவிட்டான் என்று நேராகச் சொல்ல நாக்கு எழவில்லை, எந்த மொழியிலும். “ஹி ஸ்லிப்டு, மேடம்” என்றேன்.

“ஸ்லிப்டு?”

“எஸ். லெவன் மன்த்ஸ்.”

அவர் என் கையைத் தொட்டார். பிறகு குனிந்து எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

நித்யாவுக்கு ஆறாம் மாத முடிவில் சளியோடு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட நான்காம் நாள் காலை, ஜன்னலோரம் அவளை மடியில் வைத்திருந்தேன். கருவிழி ஒரு பக்கமாக ஓடித் திரும்பியது. யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

மருத்துவமனையில் சேர்த்த மறுநாள், கையில் கோப்போடு ஒரு பெண் வந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். “உங்கள் மகன் எங்கிருந்து விழுந்தான் என்று சொல்ல முடியுமா?”

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். மாடிப்படியிலா, கட்டிலிலா, அப்போது வீட்டில் யார் இருந்தார்கள் என்று. முன்பு பிறந்த பையன் வழுக்கி விழுந்து இறந்தான் என்று சிவப்புப் புத்தகத்தில் எழுதியிருந்தது. இப்போது இன்னொரு குழந்தை, கண் செருகி, கழுத்து தொங்கி. குழந்தைகளை நான் ஏதும் செய்திருப்பேனோ என்று அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. இரண்டு நாள் என்னை நித்யாவோடு தனியாக விடவில்லை. நான் அவளுக்கு உடை மாற்றும்போதும் ஒரு நர்ஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரும் என்னை ‘லவ்’ என்றுதான் கூப்பிட்டார்.

என் கணவர் வெளியூர்க் கருத்தரங்கிலிருந்து ஓடி வந்தார். குமரன் கதையை முதலிலிருந்து கடைசிவரை ஆங்கிலத்தில் சொன்னார். மதுரையில் கொடுத்த மருந்துச் சீட்டுகளைக்கூட நான் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். அவற்றைக் கொண்டுவந்து காட்டினார். கோப்போடு வந்த பெண் என் இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அவரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த மூத்த மருத்துவர் மட்டும் சீட்டுகளை மறுபடி புரட்டினார். “அதே வயது. அதே மாதிரி காய்ச்சலுக்குப் பிறகு. அதே கண்” என்றார். அன்றே நித்யாவின் ரத்தத்தை வேறொரு ஊரிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். என் வாயில் வந்த தப்பான சொல் இல்லாவிட்டால் குமரன் கதையை யாரும் அவ்வளவு விவரமாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

5

முடிவு வர ஏழு வாரம் ஆனது. மருத்துவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, ஒரு தாளில் வட்டம் போட்டு, அதற்குள் சின்னச் சின்ன நீள்வட்டங்கள் வரைந்தார். மைட்டோகாண்ட்ரியா. பத்தாம் வகுப்பில் நான் படம் வரைந்து பாகங்களைக் குறித்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உடம்புக்கு வேண்டிய சக்தியைத் தயாரிக்கிற இடம் அது. அதில் பழுது இருந்தால் மூளைக்கும் தசைக்கும் சக்தி போதாது. சாதாரண நாளில் குழந்தை எப்படியோ சமாளிக்கும். ஒரு காய்ச்சல் வந்தால் தாங்காது.

“இதற்கு மருந்து இருக்கிறதா?” என்று என் கணவர் கேட்டார்.

“இல்லை” என்றார். சுற்றி வளைக்கவில்லை.

பிறகு சொன்னார். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்குப் போகிறது. தகப்பனிடமிருந்து போவதில்லை. தாயிடம் நல்லதும் பழுதானதும் கலந்திருக்கும். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அபிக்குக் குறைவாகப் போயிருக்கலாம். குமரனுக்கும் நித்யாவுக்கும் அதிகமாகப் போய்விட்டது.

“நாங்கள் நெருங்கிய சொந்தம். இவள் என் அக்கா மகள்” என்றார் என் கணவர்.

“இந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் மனைவி யாரைத் திருமணம் செய்திருந்தாலும் இதில் மாற்றம் இருந்திருக்காது.”

கார் நிறுத்துமிடத்தில் என் கணவர் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். குமரன் போனபோதுகூட அப்படி அழுததில்லை.

“அஞ்சு வருஷம், உமா. ஒன்னக் கட்டுனதே பாவம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எங்க அக்கா பிள்ளையவே கெடுத்துட்டோம்னு.”

நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவர் தேறிய பிறகு, வீட்டுக்கு வரும் வழியில், சந்தோஷமில்லாத ஒரு நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சுமந்தோம், பேசாமலே என்றாலும். இனி நான் மட்டும்தான். அவர் அதைச் சொல்லவில்லை. என்னைக் குறை சொல்ல அவருக்குத் தெரியாது. என் மனசுதான் சொல்லிக்கொண்டே வந்தது.

6

மருத்துவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். உங்கள் தாய்க்கு வேறு குழந்தைகள் இறந்திருக்கிறார்களா? இல்லை, நானும் தங்கையும் மட்டும்தான் என்று உறுதியாகச் சொல்லியிருந்தேன். ஆனாலும் மறுநாள் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். எனக்கு மதியம். மதுரையில் விளக்கு வைக்கும் நேரம். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

விவரம் முழுவதும் சொல்லிவிட்டுத்தான் அதைக் கேட்டேன். அம்மா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“ரெண்டு பயலுக” என்றாள். “ஒனக்கு முன்னாடி. ஒருத்தன் எட்டு மாசம். இன்னொருத்தன் பத்து மாசம்.”

“ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

“என்னத்தச் சொல்ல? கழுத்து நிக்காமப் போச்சுதுக ரெண்டும். காத்துக் கருப்புச் சேட்டைன்னாக, ஒங்கப்பா அப்ப வெளியூர் வேலையில, அவரும் அதத்தான் நம்புனாரு. அப்பறம் நீ பெறந்த. நீ நின்னுட்ட. அதோட மறந்துறணும்னு நெனச்சேன்.”

“மாமாவுக்குத் தெரியுமா?” என் கணவரைத்தான் கேட்டேன்.

“ஒங்க மாமனுக்கு அப்ப அஞ்சு வயசு. அவனுக்கு என்ன தெரியும்.”

குமரன் படுத்திருந்த அத்தனை மாதமும் அம்மா அந்த வீட்டில்தான் இருந்தாள். அந்தக் கண் ஓடுவதை அவள் முன்பே இரண்டு முறை பார்த்திருக்கிறாள். பார்த்தும், அப்பா தன்னைத்தானே நொந்துகொண்டதைக் கேட்டும், வாய் திறக்கவில்லை.

“கவிதாகிட்டச் சொல்லணும்மா. அவளுக்கும் வரலாம். அசல்ல கட்டுனதால ஒண்ணும் தப்பிச்சிற முடியாது.”

“சொல்லாத.” அம்மாவின் குரல் மாறியது. “இங்க பாரு தாயி, அவ முழுகாம இருக்கா. நாப்பத்தஞ்சு நாளு. இப்பப் போயி இதச் சொன்னா அவ என்னத்துக்கு ஆவா? அந்த வீட்டுல தெரிஞ்சா என்ன பேசுவாக? ஒனக்கு அபி பெறந்தா. எனக்கு நீங்க ரெண்டு பேரும் பெறந்தீக. அதே மாதிரி அவளுக்கும் நல்லாப் பெறக்கும். சொல்லாத.”

சரி என்றேன். அம்மாவுக்காக என்று அப்போது நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், மாடியில் வாளியோடு இறங்கிப் போனவளின் முதுகுதான் என் கண்ணில் நின்றது. இதைச் சொல்ல வேண்டுமென்றால் செந்திலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ விட்டுக்கொடுத்தது எதற்கும் உதவவில்லை, நான் உன்னிடம் பேசியது தப்பு என்று சொல்ல வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

7

நித்யா அதற்குப் பிறகு ஒரு வருடம் இருந்தாள். மூக்கு வழியாகக் குழாயில் பால். மூன்று மணிக்கு ஒருமுறை. அபி பள்ளியிலிருந்து வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலக் கதைப் புத்தகம் வாசிப்பாள். உதவிக்கு அம்மாவை வரவழைக்க விசாவுக்கு விண்ணப்பித்தோம். மருத்துவர் கடிதம் வைத்தோம். மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போவார் என்று நம்ப முடியவில்லையாம். கே.கே. நகர் வீட்டை விட்டு உசிலம்பட்டிக்குப் போனாலே இரண்டாம் நாள் திரும்பிவிடுகிற அம்மாவைப் பற்றி அப்படி எழுதியிருந்தார்கள்.

கவிதாவுக்குப் பையன் பிறந்தான். பிரபு. ஐந்தாம் மாதம் ஃபோனில், “அக்கா, கழுத்து நல்லா நின்னுருச்சு, குப்புற விழுகுறான்” என்றாள். சந்தோஷம் என்றேன். வைத்துவிட்டு நாட்காட்டியைப் பார்த்தேன். ஆறு, ஏழு, எட்டு. அவன் ஒவ்வொரு காய்ச்சலையும் தாண்டி, ஒரு வயதில் நடந்தான். அம்மா சொன்னதுதான் சரி என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

நித்யா ஒரு ஜூன் மாதக் காலையில் இறந்தாள். இங்கே குழந்தைகளுக்கென்று மயானத்தில் தனிப் பகுதி இருக்கிறது. வரிசை எண், குழி எண் போட்டுக் காகிதம் கொடுத்தார்கள். நானும் கூடப் போனேன். பெண்கள் வரலாமா என்று யாரும் கேட்கவில்லை. மண் போடச் சொன்னார்கள், போட்டேன். என் கணவர், நான், அபி, அவருடைய ஆய்வகத்திலிருந்து மூன்று பேர். வாய்விட்டு அழ எனக்கு ஆசையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் அழுவதற்குக் கட்டிக்கொள்ள நாலு பெண்கள் வேண்டும். இங்கே எல்லோரும் கைகோத்து அமைதியாக நின்றார்கள். நானும் நின்றேன்.

8

மூன்று வருடத்துக்குப் பிறகு கவிதாவிடமிருந்து ஃபோன் வந்தது. எப்போதும் நான்தான் அவளைக் கூப்பிடுவேன். அவள் கூப்பிட்டது அதுவே முதல் முறை. அவளுக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தர்ஷினி.

“அக்கா, நித்யாவுக்கு மொதல்ல என்ன ஆச்சு? கழுத்தா, கண்ணா?”

“கண்ணு” என்றேன்.

“இவளுக்கும் ஓடுது. ஒரு வாரமா ஓடுது. ஆஸ்பத்திரிக்குப் போனோம், சொந்தத்துல கட்டியிருக்கீகளான்னாக. இல்லைன்னேன். அப்ப வேற ஏதாச்சும் இருக்கும்ங்கிறாக. அசல்லதான கட்டுனேன், எப்பிடிக்கா வரும்?”

சொன்னேன். மைட்டோகாண்ட்ரியா, தாய்வழி, அம்மாவுக்குப் பிறந்த இரண்டு பையன்கள், எல்லாம். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“நித்யாவுக்கு டெஸ்ட் எடுத்தப்ப.”

“அப்ப பிரபு வயித்துல இருந்தான்.”

“ஆமா.”

“தர்ஷினி வயித்துல இருந்தப்ப மாசம் நாலு தடவ பேசுன. எனக்கு வாந்தி நின்னுச்சான்னு கேட்ட.”

“ஆமா, கவிதா.”

ஃபோனை வைத்துவிட்டாள். அதன் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் அவள் கணவர்தான் எடுத்தார். அவர் நல்ல மனிதர். “கொடிக்காலுக்குப் போயிருக்காங்க” என்பார். ஒருமுறை பின்னால் அவள் குரல் கேட்டது. அவரும் அதை உணர்ந்து, “அப்பறம் பேசச் சொல்றேன்” என்றார். பேசவில்லை. தர்ஷினி பதினான்கு மாதத்தில் போய்விட்டாள் என்று அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அந்த வார்த்தையைக் கேட்டபோது நான் இந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் மழையில் நின்றிருந்தேன். பஸ் வந்தது. ஏறினேன். எங்கே போகக் கிளம்பினேன் என்று நினைவில்லை.

9

இரண்டு வருடம் கழித்து மதுரைக்குப் போனேன். அம்மாவை என்னோடு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, சோழவந்தானுக்கு நான் மட்டும் பஸ் ஏறினேன். கவிதா வீட்டு வாசலில் ஈரச் சாக்கு விரித்து, அன்று கிள்ளிய வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழவில்லை. விரட்டவும் இல்லை.

“வா” என்றாள்.

எதிரே உட்கார்ந்து நானும் வெற்றிலையை எடுத்து அடுக்கினேன். நான் அடுக்கியதைப் பிரித்து அவள் மறுபடி சரியாக அடுக்கினாள்.

“செந்தில் விஷயத்துல நான் சொன்னது தப்பு, கவிதா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அது தெரிஞ்சபெறகு ஒன் முகத்துல முழிக்க எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் சொல்லல.”

“செந்திலா?” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அதுக்கு நான் அப்பவே அழுது முடிச்சிட்டேன். இந்த மனுசன் என்ன நல்லா வச்சிருக்காரு. நான் அதுக்கா பேசாம இருந்தேன்னு நெனச்ச?”

“வேற என்ன? நான் சொல்லியிருந்தா தர்ஷினியப் பெத்திருக்க மாட்ட.”

“பெத்திருப்பேன்.” யோசிக்காமல் சொன்னாள். “நீ சொல்லியிருந்தாலும் நல்லதாப் பெறக்கும்னு நம்பிப் பெத்திருப்பேன். குமரனுக்குப் பெறகும் நீ நித்யாவப் பெறல?”

நான் அடுத்த வெற்றிலையை எடுத்தேன்.

“ஆனா ஒண்ணு, அக்கா. எட்டு மாசம் அந்தப் பிள்ளைய ஊர் ஊராத் தூக்கிக்கிட்டு அலஞ்சேன். மெட்ராசுல ஒரு மாசம். தொக்கம் எடுக்கிறேன்னு வயித்துல ஊதுனாக. சூடு வச்சா சரியாகும்னு ஒருத்தி சொன்னா, அதுக்கும் ஒத்துக்கிட்டேன். கால்ல ரெண்டு எடத்துல வச்சாக. அது கத்துறதுக்குக்கூடத் தெம்பில்லாம வாயை மட்டும் தெறந்துச்சு.” அவள் கை நின்றுவிட்டது. “மருந்தே இல்லைன்னு தெரிஞ்சவ நீ. ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சிருந்துச்சு. ஃபோன்ல நீ சொன்னப்ப, இத்தன நாளு மறச்சவ பேச்ச நம்ப எனக்கு மனசு வரல. நீ முன்னாடியே சொல்லியிருந்தா, எங்கேயும் போயிருக்க மாட்டேன். மடியிலேயே வச்சிருந்திருப்பேன்.”

நித்யா என் மடியில்தான் இருந்தாள், அந்த ஒரு வருடமும். அது ஒரு கொடுப்பினை என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுக்கிய கட்டை ஓரமாக வைத்துவிட்டு அவளே பேசினாள். “இனிப் பிள்ள வேணாம்னு ஆபரேசன் பண்ணிக்கிட்டேன். பிரபுவுக்கு வருமா?”

“இம்புட்டு வயசுக்கு மேல அவனுக்கு வர்றது அபூர்வம்னு டாக்டர் சொன்னாரு. அவன் பிள்ளைகளுக்குப் போகாது. ஆம்பளைக வழியாப் போகாது.”

“அபிக்கு?”

“அவ வழியாப் போகலாம்.”

“அவகிட்டச் சொல்லிட்டியா?”

சின்னப் பெண், இன்னும் வயதாகட்டும் என்றேன். கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அம்மாவும் இதத்தான் சொல்லியிருக்கும்” என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று எழுந்து உள்ளே போனாள்.

10

இவ்வளவையும் எழுதி முடித்த ஞாயிற்றுக்கிழமை காலை அபியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தமிழும் ஆங்கிலமும் கலந்து, தெரிந்த மாதிரி சொன்னேன். என் கணவரும் பக்கத்தில் இருந்தார். நான் தடுமாறிய இடங்களில் அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாட்டிக்குப் பிறந்த இரண்டு பையன்கள், குமரன், நித்யா, தர்ஷினி. வரிசையாகச் சொன்னபோது அபி விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது விரலில் கை மூடியது.

“எனக்கும் இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கலாம். டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். வேணாம்னாலும் சரி. நீதான் முடிவு பண்ணணும். என்கிட்டச் சொல்லணும்னுகூட இல்ல.”

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்விடுவாள் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை.

“சித்திகிட்டப் பேசலாமா?”

சோழவந்தானுக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தேன். கவிதா எடுத்ததும், “சித்தி, நான் அபி பேசுறேன்” என்று சொல்லிக்கொண்டே ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கவிதாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இவள் தமிழில் பாதி வாக்கியத்துக்கு வினைச்சொல் கிடையாது. ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்துவிடுவாள், என்னிடம் மொழிபெயர்க்கக் கேட்பாள் என்று சமையலறையிலேயே நின்றேன்.

அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. மேலே அபி விட்டு விட்டுப் பேசும் சத்தம் கேட்டது. பிறகு அழுகிற மாதிரி கேட்டது. சிரிப்பாகவும் இருக்கலாம், மாடியிலிருந்து வரும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது. படிக்கட்டு வரை போனேன். முதல் படியில் காலை வைத்தேன். பிறகு திரும்பி வந்து, ஆறிப்போன சாப்பாட்டை மறுபடி அடுப்பில் வைத்தேன்.